ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

சாரின் கை எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டபோது, நாள் கிழமையோடு பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாரின் மனைவியுடைய கைப்பை. கதவை யாரும் சரியாகச் சாத்தவில்லை.

"நாலு மாசம் இருக்கும் டாக்டர். பென்சில் நழுவுது. சட்டைப் பட்டன் போட வரலை" என்றார் சார்.

"நாலு மாசம்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கழுத்தெலும்புக்குள்ள நரம்பு நசுங்கியிருக்கு. படத்தைப் பார்த்தா கொஞ்சம் பழசு மாதிரி இருக்கு. நாலு மாசம்னா, ஆபரேஷன் பண்ணினா கை பெரும்பாலும் திரும்பிடும். வருஷக்கணக்கா இருந்தா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம், அவ்வளவுதான். போனது போனதுதான்."

"நாலு மாசம்தான்" என்றாள் சாரின் மனைவி. "நான் கூடவே இருக்கேனே டாக்டர், எனக்குத் தெரியாதா?"

வெளியே பெஞ்சில் இருந்தவள் மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். இரண்டு வருஷம், எட்டு மாதம், பதினொரு நாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சொல்ல எட்டு அடிதான். அவள் எழுந்திருக்கவில்லை.

அவளை ஸ்கேல் அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பெயர் வைத்தது சார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அவர் மேசையில் இறைந்து கிடந்த பென்சில்களை நீளவாரியாக அடுக்கி வைத்துவிட்டாள். "யாரும்மா நீ, ஸ்கேலுக்குப் பொறந்தவளா?" என்று அவர் கத்தியது கீழே மெத்தைக் கடை வரைக்கும் கேட்டதாம். மறுநாளிலிருந்து மெத்தைக் கடைக்காரரே ஸ்கேல் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. மெத்தைக் கடைக்காரருக்கு நாற்பது. அக்கா என்றால் அக்காதான், அதில் வயசு பார்ப்பவர் யார்?

அதற்கு முன் ஆறு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவள் அவள். ஒரு மயிரிழை கோடு தள்ளிப்போனால் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொடுத்த இடம் அது. சாரோ நேர் எதிர். பிஸ்கட் டப்பா, சோப்புப் பெட்டி, மருந்துப் புட்டி லேபிள் என்று கடையில் நாம் கைநீட்டி எடுக்கிற எதன் மேலேயும் அவர் கோடு இருக்கலாம். அவர் பென்சிலை எடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று பென்சிலுக்கே தெரியாது. ஆனால் போய் நின்ற இடம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அதை நேராக்கி, அளவு சரிபார்த்து, மடிப்பு எங்கே வெட்டு எங்கே என்று குறித்து அச்சகத்துக்கு அனுப்புவது ஸ்கேல் அக்காவின் வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள் முதலில் மெல்லிய ட்ரேசிங் தாளில் கையால் போட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுவாள்.

முதல் இரண்டு வருஷம் இரண்டு பேருக்கும் எலியும் பூனையும்தான். அச்சகத்துக்குப் போன பிறகும் சாருக்குப் புதிது புதிதாக ஏதாவது தோன்றும். ஒரு தடவை பிஸ்கட் டப்பாவில் ஒரு சின்னப் பெண்ணின் முகம். கடைசி நாள் அச்சகத்துக்கே ஓடிப்போய் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு வந்தார். அந்த முகம் பாதி மூடியிலும் பாதி டப்பாவிலும் வரவேண்டியது என்பது அவருக்கு மறந்துவிட்டது. நாலாயிரம் டப்பா அச்சாகி வந்தது. மூடியை மூடினால் மேலே கண் இருக்கிறது, கீழே வாய் இருக்கிறது, மூக்கை மட்டும் காணோம்.

அன்றைக்குத்தான் ஸ்கேல் அக்கா முதன்முதலாக வாயைத் திறந்தாள். "சார், நீங்க வரையறப்ப நான் உள்ள வந்தேனா? எட்டிப் பார்த்தேனா? அதே மாதிரி என் கைக்கு வந்த பிறகு நீங்க தொடக்கூடாது. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் பழைய ஆபீசுக்கே போறேன்." சொல்லிவிட்டு அழுதாள் என்பது வேறு விஷயம்.

சார் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் கொத்தனார் வந்தார். இரண்டு பேர் அறைக்கும் நடுச் சுவரில், பழைய ஏ.சி. இருந்த ஓட்டையைச் சின்ன ஜன்னலாக்கி, அதில் ஒரு மரப்பலகையும் வைத்துவிட்டுப் போனார். அதுதான் சட்டம். காலை பதினொரு மணி வரைக்கும் சாரின் அறைக்குள் ஈ, காக்கை நுழையக்கூடாது. போன் அடிக்கக்கூடாது. பதினொன்றுக்கு அவர் வரைந்த தாள் பலகைக்கு வரும். வந்த பிறகு அந்தத் தாளை அவர் பார்க்கக்கூடாது, கேட்கக்கூடாது. வேலை முடிந்து, அச்சுக்குப் போகிற மாதிரித் தாள் சுவரில் ஒட்டப்படும்போதுதான் பார்க்கலாம். "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உங்க இஷ்டம், இந்தப் பக்கம் என் இஷ்டம்" என்று ஸ்கேல் அக்கா சொன்னதை அந்த ஸ்டுடியோவில் வேதவாக்காகவே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இருபத்து நாலு வருஷத்தில் ஒரு டப்பாவுக்கும் மூக்கு காணாமல் போகவில்லை.

ஒரே ஒரு குறை. தாளின் மூலையில் தேதி போடச் சொல்லி அவள் கெஞ்சாத நாள் இல்லை. அவர் போட்ட நாளும் இல்லை. "தேதி போட்டா கோடு பயந்துடும்மா" என்பார். ஆகவே அவளே ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் தேதி, வேலையின் பெயர், தான் செய்த திருத்தம் மூன்றையும் பொடி எழுத்தில் எழுதி இரும்பு அலமாரியில் வைத்தாள். நில அளவை அலுவலகத்துப் பழக்கம். இருபத்து நாலு இழுப்பறை, வருஷத்துக்கு ஒன்று. அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு டீத்தூள் பாக்கெட்டுக்கான தாளில் ஒரு கோடு நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் அரை விரல் தாண்டிப் போயிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று நினைத்துக்கொண்டு அதை நிறுத்தினாள். பின்பக்கம் எழுதினாள்: கோடு தாண்டியது, நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் இன்னொன்று. அடுத்த மாதம் வட்டம் மூடவில்லை. அப்புறம் கோடுகள் நடுவில் விட்டுவிட்டு வந்தன. பென்சில் கீழே விழுந்தால் தாளில் ஒரு புள்ளி விழும் இல்லையா, அந்தப் புள்ளிகள் தாளுக்கு ஒன்று, இரண்டு, ஆறு என்று ஏறின.

அவள் எல்லாவற்றையும் சரிசெய்தாள். நிறுத்தினாள், மூடினாள், சேர்த்தாள், புள்ளிகளை எடுத்தாள். சுவரில் ஒட்டியபோது எல்லாம் சாரின் பழைய கோடு போலவே இருந்தது. சார் சுவரைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போவார். நடுநடுவே பென்சில் கம்பெனியைத் திட்டினார். மூன்று தடவை பென்சில் மாற்றினார், இரண்டு தடவை நாற்காலி மாற்றினார், ஜன்னல் வெளிச்சம் சரியில்லை என்று மேசையைத் திருப்பிப் போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான், ஆனால் இவர் ஆடத் தெரிந்தவர் என்பதால் எல்லாரும் கூடத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். பட்டன் வைத்த சட்டையை விட்டுவிட்டுத் தலைவழியாகப் போடுகிற சட்டைக்கு மாறினார். "கிழவனுக்கு ஸ்டைலைப் பாரு" என்று அவர் மனைவி கேலி செய்தாள். டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ஏ.சி. குளிர் என்றார்கள்.

ஸ்கேல் அக்கா ஒரு தடவை சொல்லப் பார்த்தாள். "சார், கோடு கொஞ்ச நாளா..." என்று ஆரம்பித்தாள். "உன் பக்கம் வந்ததை நான் கேட்டேனா? நீ மட்டும் என்னைக் கேக்கறே?" என்று சிரித்துக்கொண்டே ஜன்னல் கதவைச் சாத்தினார். அவள் போட்ட சட்டம் அவள் வாயையே அடைத்தது. இன்னொரு நாள் காலை பத்தரைக்கு அவர் அறை வாசல் வரைக்கும் போனாள். பதினொன்று ஆகவில்லையே என்று திரும்பி வந்துவிட்டாள். பதினொன்றுக்குத் தாள் வந்தது. தாளைப் பார்த்ததும் கை வேலைக்குப் போய்விட்டது, வாய் மூடிக்கொண்டது.

இது வரைக்கும் சொன்னதைக் கேட்டால் பாவம், நல்லவள், விசுவாசத்தில் மறைத்தாள் என்று தோன்றும். அவளும் அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சோப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஆகும்.

போன வருஷம் ஒரு சோப்புக் கம்பெனிக்கு ஒரு கோடு வேண்டியிருந்தது. தண்ணீர் அலையாக ஆரம்பித்து இலையாக முடியவேண்டும், ஒரே கோட்டில். சாரிடமிருந்து வந்த தாளில் அலை இருந்தது. இரண்டு அங்குலம். அதற்குப் பிறகு ஏதோ இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, ஏழு புள்ளி. இலை என்று ஒன்று இல்லவே இல்லை. நியாயமாக அந்தத் தாளை அவள் பலகையில் திருப்பி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ட்ரேசிங் தாளைப் போட்டு, அந்த இரண்டு அங்குலத்திலிருந்து கையை விட்டாள். ஸ்கேல் இல்லை, வளைவு அச்சு இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஒரு கோடு போட்டாள். பதினேழு தடவை போட்டாள். பதினெட்டாவதில் இலை வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். அப்போதும் அது அங்கேயே இருந்தது.

அந்தச் சோப்புப் பெட்டிக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் சார் கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்த மாதிரிக் கோடு முப்பது வருஷத்துல ஒரு தடவைதான் வரும். எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலை" என்றார். எல்லாரும் அடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ஸ்கேல் அக்காவும் தட்டினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் விஷயம். அன்றிலிருந்து பதினொரு மணிக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். தாள் எவ்வளவு கோணலாக வருகிறதோ அவ்வளவு அவளுக்கு இடம். ஒரு மனுஷனின் கை போய்க்கொண்டிருந்தது, இவளுக்கு அது வரவாக இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன் வீட்டுக்காரரிடம்கூட.

பிறகு அவளுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன், பன்னிரண்டு நாள் விடுப்பு. அந்த நாட்களுக்கு வெளியாள் ஒருவரைப் பிடித்துவந்து உட்காரவைத்தார்கள். நல்ல வேலைக்காரர். சார் பெரிய ஆள், அவர் கோட்டில் கைவைக்காதே என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் வைக்கவில்லை. வந்ததை வந்தபடியே செய்து சுவரில் ஒட்டினார். குழந்தைகள் மருந்துப் பெட்டி அது. பார்க்க வந்த மருந்துக் கம்பெனிக்காரர், "என்ன சார், பெட்டி குடிச்சிருக்கா?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சார் அந்தச் சுவரின் முன்னால் கால் மணி நேரம் நின்றதாகச் சொன்னார்கள். பிறகு தன் வலது கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, விரல்களை மூடிமூடித் திறந்து பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் டாக்டர், படம், பெஞ்ச் எல்லாம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த சாரின் மனைவி, ஸ்கேல் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சார் சாராக இருக்க, அவர் மனைவி மட்டும் இவளுக்கு அண்ணி. இந்த உறவுக் கணக்கு அந்த ஸ்டுடியோவில் யாருக்கும் புரிந்ததில்லை.

"ஸ்கேலு, கை திரும்பிடும்னு சொல்லிட்டார்டி. சீக்கிரமே வந்துட்டோமாம்."

"சரி அண்ணி" என்றாள் ஸ்கேல் அக்கா.

வீட்டில் அவள் கணவரிடம் சொன்னாள். சோப்புப் பெட்டியை விட்டுவிட்டு மற்றதை மட்டும். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் பிரேக்கை மிதித்துவிட்டுத்தான் யோசிப்பார்.

"சொல்லாதே" என்றார். "சொன்னா கை திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப எதுக்குச் சொல்லணும்? தும்பை விட்டாச்சு, இப்ப வாலைப் பிடிச்சு என்ன ஆகப்போகுது? டாக்டர் ஒரு நம்பிக்கை கொடுத்திருக்கார். அதைப் பிடுங்க நீ யாரு?"

"கை வராமப் போனா?"

"அப்ப விதின்னு நினைச்சுப்பாங்க. உன்னை நினைக்க மாட்டாங்க. தட்டை எடுத்துட்டு வா, சாப்பிடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டது. நாலு நாள் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஐந்தாம் நாள், ஸ்டுடியோவின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணி ஒரு பெரிய வேலையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஒரே கம்பெனிக்கு நாற்பது பெட்டி, நாற்பதும் சார் கையால். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் ஆரம்பம். ஸ்டுடியோவில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. வேலைப் பலகை என்று ஒரு வெள்ளைப் பலகை நடுக்கூடத்தில் தொங்கும். எந்த வேலை எந்தத் தேதியில் என்று அதில் எழுதுவது ஸ்கேல் அக்காதான், அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால்.

"எழுதுடி. நாற்பது பெட்டி. சார், ஆரம்பம்னு போட்டுத் தேதி போடு" என்று பேனாவை நீட்டினாள் அண்ணி.

வேலையின் பெயரை எழுதினாள். சார் என்று எழுதினாள். தேதி போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தாள், கை நகரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் எத்தனையோ மறைத்திருக்கலாம். பொய்த் தேதி ஒன்று எழுதியதில்லை. அந்தத் தேதி வராது என்று அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"பேனா எழுதலை அண்ணி. நாளைக்குப் போடறேன்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மூன்று இழுப்பறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிக்கொண்டு, சாரின் அறைக் கதவை முழங்கையால் தள்ளினாள். பதினொன்றுக்கு முன்னால் அந்தக் கதவை அவள் திறந்தது அதுதான் முதல் தடவை. சார் வெறும் தாளுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சார், நாலு மாசம் இல்லை" என்றாள். "ரெண்டு வருஷம் எட்டு மாசம். எல்லாம் இதுல இருக்கு. முதல் தாள் மேல வெச்சிருக்கேன். எனக்கு அன்னைக்கே தெரியும் சார். நான் சொல்லலை."

சொல்லும்போது அழுதுவிடுவோம் என்று பயந்திருந்தாள். அழுகை வரவில்லை.

அவர் இடது கையால் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். முன்பக்கம் பார்ப்பார், பின்பக்கம் படிப்பார். கோடு தாண்டியது, நிறுத்தப்பட்டது. வட்டம் மூடவில்லை, மூடப்பட்டது. கோடு விட்டுப்போனது, சேர்க்கப்பட்டது. புள்ளி நாலு, எடுக்கப்பட்டது. அவ்வளவையும் படித்தார். கடிகாரம் பதினொன்று அடித்து, பதினொன்றரை ஆனது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் என்று அவர் சொல்லவில்லை.

"எனக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்றார் கடைசியில். "போடறப்ப ஏதோ தப்பாத்தான் இருக்கும். அப்புறம் சுவர்ல பார்ப்பேன், நல்லா இருக்கும். கையை நம்பாம சுவரை நம்பிட்டேன்."

கோபப்படுவார், கத்துவார், மெத்தைக் கடை வரைக்கும் கேட்கும் என்று நினைத்து வந்தவளுக்கு இது தாங்கவில்லை. "திட்டிடுங்க சார்" என்றாள்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கையில் சோப்புப் பெட்டியின் தாள் இருந்தது. ஏழு புள்ளி. பின்பக்கம் அவள் எழுத்தில் ஒரே ஒரு சொல்: முடிக்கப்பட்டது. அதை மேசையில் விரித்தார். அலமாரி மேலிருந்து பரிசு வாங்கிய பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதுல என்னுது எது வரைக்கும்?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். அலை தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு அங்குலம்.

"மீதி?"

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

சார் அந்த மீதிக் கோட்டின் மேல் தன் ஆட்காட்டி விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார். விரல் சொன்ன இடத்தில் போகவில்லை, வழுக்கி வழுக்கி வெளியே போனது. மறுபடி கொண்டுவந்து வைத்தார். இலையின் நுனி வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் அளவு சரி என்றிருக்கிறார், நேரம் சரி என்றிருக்கிறார். நல்லா வந்திருக்கு என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. அதைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாள் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கேட்டுவிட்டாள். அந்த அறையில் நிற்க முடியவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போம்மா" என்றார் சார்.

டாக்டரிடம் சரியான தேதியைச் சாரே சொன்னார். ஆபரேஷன் நடந்தது. நோய் அதோடு நின்றது. கை திரும்பவில்லை. நாற்பது பெட்டி வேலையை அண்ணி போய்க் கையெழுத்துப் போட்ட இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஸ்கேலு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "இதை அவங்ககிட்ட கொடுங்க" என்று வேறு யாரிடமாவது சொல்லி அனுப்பினாள். வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால் ஸ்கேல் அக்கா போயிருப்பாள். யாரும் சொல்லவில்லை. அதுதான் தண்டனை என்று எடுத்துக்கொண்டு தினமும் ஒன்பதரைக்கு வந்தாள்.

சார் மட்டும் ஒரு நாள் கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "இனிமே அவளே வரையட்டும். இலை போட்டவளுக்குப் பெட்டி போடத் தெரியாதா?" கிண்டலா, நிஜமா என்று யாருக்கும் பிடிபடவில்லை. அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஸ்கேல் அக்கா வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஒரு கோடும் வரவில்லை. நேர்க்கோடு வந்தது, அது யாருக்கு வேண்டும்? கோணலாக யாராவது ஆரம்பித்துக் கொடுத்தால்தான் தன் கைக்குப் போக்கிடம் தெரியும் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அந்த இரண்டு அங்குலம் இல்லாமல் இலை இல்லை. வந்த வேலைகள் வெளியாட்களுக்குப் போக ஆரம்பித்தன. அந்தக் கூடத்தில் பேச்சும் குறைந்துபோனது.

பத்தாவது நாள் பதினொரு மணிக்கு, அவள் தன் வெள்ளைத் தாளைக் கொண்டுபோய் ஜன்னல் பலகையில் வைத்தாள். இருபத்து நாலு வருஷமும் அந்தப் பலகையில் தாள் அங்கிருந்து இங்கேதான் வந்திருக்கிறது. அன்றுதான் இங்கிருந்து அங்கே போனது. "ஒரே ஒரு கோடு சார். எப்படி இருந்தாலும் பரவாயில்லை" என்று ஜன்னலுக்குள் சொன்னாள். நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. தாளை யாரோ இழுத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. பென்சில் விழும் சத்தம் கேட்டது. நாற்காலி தள்ளப்பட்டது, யாரோ குனிந்து எடுத்தார்கள். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தார்கள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அவள் எண்ணியவரைக்கும் ஒன்பது தடவை.

மூன்று மணிக்குத் தாள் பலகைக்கு வந்தது. எடுத்துப் பார்த்தாள். கோடு எதுவும் இல்லை. ஒன்பது புள்ளிகள் அங்கங்கே கிடந்தன. கீழ் மூலையில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் பெரிது பெரிதாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, சார் தன் கையால் அன்றைய தேதியை எழுதியிருந்தார். வருஷம் வரைக்கும் முழுசாக எழுதியிருந்தார்.

ஸ்கேல் அக்கா அந்தத் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் எழுத வழக்கம்போலப் பேனாவை எடுத்தாள். தேதி ஏற்கெனவே போட்டிருந்தது. வேலைக்குப் பெயர் இல்லை. திருத்தம் என்று எழுத அவளுக்கு உரிமை இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தாளை இந்த வருஷத்து இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்து, இழுப்பறையைத் தள்ளிச் சாத்தினாள்.